குளோன்டார்ஃப் செய்திகளில் ஏன் எப்போதும் சுவரும் வாத்தும் நாயும்?

கேள்வி சுருக்கமாக இது: கேட்டவர் வேலைக்காக டப்ளினுக்கு வந்து, நகரின் வடக்குக் கரையில் குளோன்டார்ஃபில் வாடகைக்கு வீடு எடுத்திருக்கிறார். குடியிருப்போர் சங்கத்தின் செய்தித்தாள் மாதாமாதம் வாசலில் வந்து விழுகிறது. எதைப் புரட்டினாலும் கடல் சுவர், வாத்து, நாய், கழிவுநீர். "வீட்டு வாடகை இப்படி எகிறிக் கிடக்கிற ஊரில் இதற்கா இவ்வளவு சண்டை? பின்னணி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார். பாரம்பரியம் என்ற தலைப்பில் என்ன வருகிறது என்றும் கேட்டிருக்கிறார்.

நான் 2009-இல் இருந்து இந்தக் கரையில் இருக்கிறேன். வந்த புதிதில் எனக்கும் இதே திகைப்பு இருந்தது. அது தீர்ந்தது ஒரே ஒரு விஷயம் புரிந்தபோதுதான்: உங்கள் வீட்டுக்கு எதிரே தெரிகிற அந்த நீளமான தீவு இயற்கையாக அங்கே இருந்ததில்லை. 1800-இல் அது கிடையாது. ஒரு சுவர் கட்டினார்கள், தீவு வந்தது. செய்தித்தாளில் நீங்கள் பார்க்கிற முக்கால்வாசிச் சண்டைகளுக்கு வேர் அங்கேதான்.

முதலில் தீவின் பெயர். நார்த் புல் ஐலண்ட் என்று தமிழில் எழுதினால் நமக்குப் பச்சைப் புல்தான் கண்ணுக்கு வரும். இந்த 'புல்' காளை. குளோன்டார்ஃப் என்பதே ஐரிஷ் மொழியில் 'குளூயின் டார்வ்', அதாவது காளையின் புல்வெளி. அந்தப் பெயரிலிருந்துதான் மணல் திட்டுக்கும் காளைப் பெயர் வந்தது என்பார்கள். அலை அந்தத் திட்டில் மோதும் சத்தம் காளை உறுமுவதுபோல இருந்ததால் வந்தது என்றும் சொல்வார்கள். எனக்கு இரண்டாவது கதைதான் பிடிக்கும், குளிர்காலக் கிழக்குக் காற்றில் ஒரு ராத்திரி ஜன்னலைத் திறந்து கேட்டுப் பாருங்கள்.

இப்போது சுவர். டப்ளின் துறைமுகம் அந்தக் காலத்தில் மாலுமிகளுக்குப் பெரிய தலைவலி. லிஃபி ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு மணல் திட்டு குறுக்கே கிடந்தது. கடல்நீர் இறங்கும் வற்று நேரத்தில் அதன்மேல் ஆறடித் தண்ணீர்தான் நிற்கும். கப்பல்கள் வெளியே விரிகுடாவில் ஏற்றத்துக்காக, அதாவது கடல்நீர் மறுபடி ஏறுவதற்காக, காத்துக் கிடக்க வேண்டும், அதற்குள் கிழக்குக் காற்று கிளம்பினால் தரை தட்டி உடைய வேண்டியதுதான். 18ஆம் நூற்றாண்டு முழுக்க உழைத்துத் தெற்குப் பக்கத்தில் கருங்கல்லால் ஒரு நீண்ட சுவரைக் கடலுக்குள் கட்டிக்கொண்டே போனார்கள். முனையில் சிவப்பாக நிற்கிறதே பூல்பெக் கலங்கரை விளக்கம், அந்தச் சுவர்தான். அதனால் கப்பலுக்கு அடைக்கலம் கிடைத்தது, ஆனால் மணல் திட்டு போகவில்லை.

1800-இல் விரிகுடாவை அளந்து வரைபடம் போட ஒரு கப்பல் தலைவரை அழைத்தார்கள். அவர் வேறு யாருமில்லை, பவுன்ட்டி கப்பலில் மாலுமிகள் கலகம் செய்து நடுக்கடலில் படகில் இறக்கிவிட்ட அதே வில்லியம் பிளை. அருமையான வரைபடம் தந்தார். ஆனால் 'தீவை உண்டாக்கிய சுவர் பிளை கட்டியது' என்று ஊரில் சொல்லிக் கேட்பீர்கள், அது சரியல்ல. தென்சுவருக்கு இணையாக ஒன்று கட்டச் சொன்னார் அவர், அந்த யோசனை எடுபடவில்லை. கட்டப்பட்டது வேறொரு கோட்டில்: டாலிமவுன்ட் கரையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, தென்சுவரின் முனையை நோக்கிப் போகிறது. துறைமுக வாரியத்தின் பொறியாளர் ஜார்ஜ் ஹால்பின் மேற்பார்வையில் வேலை நடந்து 1825-இல் முடிந்தது. நீங்கள் சிக்னலுக்காக நின்று கடந்துபோகிற அந்த ஒற்றைத்தட மரப்பாலம், முதன்முதலில் 1819-இல் சுவருக்குக் கல் கொண்டுபோகப் போட்ட பாலம். இப்போது நிற்பது பின்னால் மாற்றிக் கட்டியது.

அந்தச் சுவரின் சாமர்த்தியம் அதன் வெளி முனையில் இருக்கிறது. நடந்து போனால் ஓரிடத்தில் பாதை முடிந்து, அதற்கப்பால் கற்கள் தாழ்ந்து போவது தெரியும். ஏற்றத்தின்போது அந்தப் பகுதி முழுகிவிடும். வேண்டுமென்றே அப்படிக் கட்டினார்கள். தண்ணீர் வற்றத் தொடங்கும்போது முதல் பாதி, முழுகிய கற்களின் மேலாக வழிந்து போய்விடும். நீர்மட்டம் கற்களுக்குக் கீழே இறங்கியதும் மீதித் தண்ணீருக்கு இரண்டு சுவர்களுக்கும் நடுவே உள்ள குறுகிய வாய் மட்டுமே வழி. விரிகுடாவின் உட்பகுதியில் தேங்கிய அவ்வளவு தண்ணீரும் அந்த வாயில் முட்டி, வேகமெடுத்து, அடி மணலை வாரிக்கொண்டு வெளியேறும். மதகைத் திறந்தால் வாய்க்கால் சேறு அடித்துப் போகிற மாதிரி. ஒரு நாளைக்கு இரண்டு தடவை, கூலி கேட்காமல், இருநூறு வருஷமாகக் கடலே தூர் வாருகிறது. ஆறடியாக இருந்த ஆழம் காலப்போக்கில் பதினாறு அடியானது.

வாரிய மணல் எங்கே போகும்? நீரோட்டம் அதை வடக்கே தள்ளியது. சுவரின் பின்பக்கம் அமைதியான தண்ணீர், மணல் அங்கே படிந்தது. முதலில் ஏற்றத்தில் முழுகும் ஒரு திட்டு, அப்புறம் முழுகாத திட்டு. நம்மூர்க் கடற்கரையில் இராவணன் மீசை செய்கிற வேலையை இங்கே மாரம் என்ற புல் செய்கிறது. அது வேர்விட்டு மணலைப் பிடித்தது, மணல்மேடு எழுந்தது, மேட்டுக்குப் பின்னால் சேறு படிந்து உப்புச் சதுப்பு வந்தது. இன்றைக்குத் தீவின் நீளம் சுமார் 5 கிலோமீட்டர். இரண்டு கோல்ஃப் மைதானங்கள், டாலிமவுன்ட் கடற்கரை, ஆர்க்கிட் பூக்கும் ஈரப் பள்ளங்கள் எல்லாம் அதன்மேல் இருக்கின்றன. 1931-இல் பறவைச் சரணாலயம் ஆக்கினார்கள், அயர்லாந்தில் அதுதான் முதல். 1981-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம் என்று அறிவித்தது, 2015-இல் அந்த எல்லையை டப்ளின் விரிகுடா முழுக்க விரித்தது. ஒரு தலைநகரத்தின் பேருந்தில் ஏறிப் போய் இறங்கக்கூடிய இடத்தில் இப்படி ஒன்று இருப்பது சாதாரண விஷயமில்லை.

ஆகவே இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு சுவர் கட்டினால் கடற்கரை என்னவாகும் என்பது பாடப்புத்தக விஷயமில்லை, காலையில் நடக்கப் போகிற இடம். யாராவது 'சின்னதாக ஒரு சுவர்' என்று வாயெடுத்தால் எல்லோரும் எழுந்து நிற்பது அதனால்தான்.

அதிலும் மறுபக்கம் உண்டு. 2002 பிப்ரவரி 1 அன்று உயர்ந்த ஏற்றமும் புயலும் ஒன்றாகச் சேர்ந்து டப்ளினில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் கடல்நீர் புகுந்தது. 2014 ஜனவரியிலும் கிட்டத்தட்ட அதே உயரத்துக்குத் தண்ணீர் வந்தது. குளோன்டார்ஃப் கடற்கரைச் சாலைக்கு வெள்ளத்தடுப்பு வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. மாநகராட்சி கொண்டுவந்த திட்டத்தில், நடைபாதைப் புல்வெளி நெடுக மண்மேடும் சுவரும் எழுப்புவதாக இருந்தது. சில இடங்களில் ஆள் உயரத்தையும் தாண்டும் என்று தெரிந்தபோது ஊர் கொதித்துவிட்டது. 2011 அக்டோபரில் ஆயிரக்கணக்கானோர் அந்த நடைபாதையில் வரிசையாக நின்றார்கள். நானும் போய் நின்றேன். எனக்குப் பக்கத்தில் நின்ற வயதான அம்மா, "அறுபது வருஷமாகச் சமையலறையிலிருந்து கடலைப் பார்க்கிறேன், ஏற்றமா வற்றா என்று பார்த்துத்தான் துணி காயப் போடுவேன்" என்றார். திட்டம் கைவிடப்பட்டது.

அன்றைக்கு நான் நின்றது சரி என்றுதான் இன்னும் நினைக்கிறேன், அந்த வடிவமைப்பு மோசமானது. ஆனால் அதற்குப் பதிலாக நல்லதொன்றை இன்னும் நாம் கட்டிக்கொள்ளவில்லை என்பது என்னை உறுத்துகிறது. குளிர்காலத்தில் பெரிய ஏற்றம் வரும் என்றால் மணல் மூட்டைகளை அடுக்குகிறார்கள். கடல் மட்டம் ஏறிக்கொண்டிருக்கிறது, மூட்டை அடுக்கியே காலம் தள்ள முடியாது. அடுத்த திட்டம் வரும்போது நீங்கள் கூட்டத்துக்குப் போனால், பார்வை மறைகிறது என்பவரையும் வீடு முழுகுகிறது என்பவரையும் இரண்டு கட்சியாகப் பார்க்காதீர்கள். பல நேரம் இரண்டும் ஒரே ஆள்.

செயின்ட் ஆன்ஸ் பூங்காவுக்கு எதிரே உள்ள சுவரைப் பற்றியும் செய்தித்தாளில் அடிபடும். விரிகுடாவைச் சுற்றிவரும் சைக்கிள் பாதையில் விடுபட்டிருந்த துண்டைக் கட்டும்போது அங்கே எழுப்பிய வெள்ளத்தடுப்புச் சுவர், காரில் போகிறவருக்குக் கடலே தெரியாத அளவுக்கு உயர்ந்துவிட்டது. மக்கள் விடவில்லை, கட்டிய சுவரின் உயரத்தை ஒரு பகுதியில் குறைக்க வேண்டியதாயிற்று. முதலிலேயே கேட்டிருந்தால் மிஞ்சியிருக்கும் பணம் அது.

சண்டை போடாமல் விட்ட சுவர் ஒன்றும் உண்டு. கரையிலிருந்து கழிக்குக் குறுக்கே அணைபோலக் கிளம்பி, தீவின் நடுவில் போய் முட்டும் காஸ்வே சாலை, 1964-இல் திறந்தது. கார் போக வசதி, அவ்வளவுதான் அன்று யோசித்தார்கள். தீவுக்கும் கரைக்கும் நடுவே இருந்த ஒரே கழியை அது இரண்டாக வெட்டிவிட்டது. முன்பு இரண்டு பக்கமிருந்தும் ஏறி நடுவில் சந்தித்த தண்ணீர் இப்போது சாலையில் வந்து நின்று திரும்புகிறது. நின்ற இடத்தில் சேறு போடுகிறது. சாலையின் இருபுறமும் சதுப்பு எப்படிக் கழிக்குள் நீண்டு வந்திருக்கிறது என்று கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்தாலே தெரியும். எனக்கு அந்தச் சாலை இல்லாத தீவைப் பார்க்க ஆசை. இனி எடுப்பார்கள் என்று தோன்றவில்லை.

சரி, வாத்துக்கு வருவோம். நான் அதிகம் பேச விரும்புவது இதைப் பற்றித்தான்.

இவை வெளிர் வயிற்றுப் பிரென்ட் வாத்துகள். உருவத்தில் சாதாரண வாத்து அளவுதான். தலையும் கழுத்தும் கரிக்கட்டைக் கறுப்பு, கழுத்தில் கோணலாக ஒரு வெள்ளைக் கீற்று, வயிறு வெளுப்பு. வடகிழக்குக் கனடாவின் ஆர்க்டிக் தீவுகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, கிரீன்லாந்துப் பனிப்பாளத்தின் மேலாகப் பறந்து, ஐஸ்லாந்தில் இளைப்பாறி அயர்லாந்துக்கு வருகின்றன. நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. இந்த வம்சம் உலகத்திலேயே ஏறக்குறைய 40,000-தான், அதில் மிகப் பெரும்பகுதி குளிர்காலத்தை இந்த ஒரு தீவு நாட்டில் கழிக்கிறது. அக்டோபரில் முதலில் வடக்கே ஸ்ட்ராங்ஃபோர்ட் லாக் என்ற கடற்கழியில் கூட்டமாக இறங்கும். அங்கே கடற்புல் தீரத் தீர, கரையோரமாகத் தெற்கே பிரிந்து டப்ளினுக்கு வரும்.

இங்கேயும் முதலில் சேற்றுவெளியில் கடற்புல்லையும் பச்சைப் பாசியையும்தான் மேயும். அது குறைந்ததும், நடுக்குளிர்காலத்திலிருந்து பள்ளி மைதானம், பூங்கா, கால்பந்துத் திடல் என்று நகரத்துக்குள் வந்துவிடும். அதனால்தான் வீடு கட்டுகிற விவகாரத்தில் வாத்து வருகிறது. சட்டப்படி தீவும் கழியும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பில் உள்ளவை. திடல் அந்த எல்லைக்கு வெளியே இருக்கலாம், ஆனால் பாதுகாக்கப்பட்ட பறவை அங்கே சாப்பிட்டுத்தான் உயிரோடு இருக்கிறது என்றால், திடலில் கட்டடம் எழுப்புவது பறவையைப் பாதிக்குமா என்று பார்த்தே ஆக வேண்டும். செயின்ட் ஆன்ஸ் பூங்காவை ஒட்டிய மைதானத்தில் அடுக்குமாடி கட்டும் திட்டம் இந்த ஒரு கேள்வியில் சிக்கி, நீதிமன்றம் வரை போய்ப் பல வருஷம் இழுத்தது. 'வாத்துக்காக வீட்டை நிறுத்துகிறார்கள்' என்று தலைப்புப் போடுவார்கள். வாடகை கொடுத்துத் திணறுகிறவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது, நானும் கொடுத்தவன்தான். ஆனால் இந்த நகரத்தில் காலியாகவும் பாழாகவும் கிடக்கிற கட்டடங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தால், வாத்து மேய்கிற திடலில்தான் கை வைக்க வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதற்கு வேறு திடல் கிடையாது, குஞ்சுகள் தாய் தகப்பனோடு வந்து எந்த இடத்தில் புல் கிடைக்கும் என்று பார்த்துப் பழகிக்கொள்கின்றன.

ஒரு ஜனவரிக் காலை, அந்தப் பூங்காவின் கால்பந்துத் திடல். கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் முந்நூறு வாத்து இருக்கும், எல்லாம் ஒரே திசையில் முகம் வைத்து மேய்ந்துகொண்டிருந்தன. புல்லைப் பிடுங்குகிற சத்தம் கேட்கிறது, நறுக் நறுக்கென்று. தொலைநோக்கி வைத்திருந்த ஒரு பெரியவர் என்னைப் பார்க்கச் சொன்னார். ஒரு வாத்தின் இரண்டு காலிலும் நிற வளையம், ஒவ்வொன்றிலும் ஒரு எழுத்து. ஆய்வாளர்கள் போட்டது. வலது கால், இடது கால் என்று நிறத்தையும் எழுத்தையும் குறித்துக்கொண்டார். அனுப்பினால், இதே வாத்தை ஐஸ்லாந்தில் யார் எந்தத் தேதியில் பார்த்தார்கள் என்று பதில் வருமாம். பக்கத்தில் மேய்ந்தவற்றில் மூன்றுக்கு இறக்கையில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் இருந்தன. அந்தக் கோடு இருந்தால் அந்த வருஷத்துக் குஞ்சு. சில வருஷம் கூட்டத்தில் குஞ்சு ஏராளம், சில வருஷம் தேடினாலும் கிடைக்காது. ஆர்க்டிக்கில் கோடை எப்படிப் போனது என்பதைக் குளோன்டார்ஃபில் ஒரு திடலில் நின்று எண்ணித் தெரிந்துகொள்ளலாம். அப்போது ஒரு நாய் திடலுக்குள் ஓடி வந்தது, முந்நூறும் ஒரே வீச்சில் எழுந்து தலைக்குமேல் தொண்டையை உருட்டிக் கத்திக்கொண்டு கழிப் பக்கம் போய்விட்டன. பெரியவர் எதுவும் சொல்லவில்லை, குறிப்பேட்டை மூடினார்.

நாய் விவகாரம் அதுதான். நாயை வெறுப்பவர்களின் சண்டை இல்லை இது. தீவில் ஐரிஷ் முயல்கள் இருந்தன, மணல்மேடுகளுக்கு நடுவே வாழ்ந்தவை. ஓட எங்கேயும் இடமில்லாத ஒரு தீவில், கட்டில்லாத நாய்கள் வருஷக்கணக்கில் துரத்தியதில் அவை இல்லாமலே போய்விட்டன. பறவைக்கும் அதே கணக்கு: குளிர்காலப் பகல் குறைவு, தீனி தேட நேரம் குறைவு, ஒவ்வொரு தடவை எழுந்து பறக்கும்போதும் சேர்த்த கொழுப்பு கரைகிறது. தீவின் வடமுனையில் கடல்நாய்கள் (சீல்) மணலில் ஏறிப் படுக்கும், அங்கேயும் இதே தொந்தரவு. உங்களிடம் நாய் இருந்தால் தீவில் கயிற்றோடு கூட்டிப் போங்கள், வடமுனைக்குக் கூட்டிப் போகவே வேண்டாம்.

துறைமுகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பழையவர்கள் '52 ஏக்கர்' என்று சொன்னால் உங்களுக்குப் புரியாது. விரிகுடாவில் அவ்வளவு பரப்பைத் தூர்த்து நிலமாக்கத் துறைமுகம் பல ஆண்டுகள் முயன்றது, இந்தக் கரைக்காரர்கள் ஒரு தலைமுறையாக எதிர்த்தார்கள். 2010-இல் திட்டமிடல் மேல்முறையீட்டு வாரியம் அனுமதி மறுத்தது. ஊர்ச் சங்கத்துக்கு இவ்வளவு தன்னம்பிக்கை எங்கிருந்து வந்தது என்றால் அங்கிருந்துதான்.

கழிவுநீர்: ரிங்ஸெண்டில் உள்ள சுத்திகரிப்பு நிலையம் கட்டியது 16.4 லட்சம் பேர் கணக்குக்கு, நகரம் அதைத் தாண்டி வளர்ந்துவிட்டது. அதை 24 லட்சத்துக்கு உயர்த்தும் வேலையைக் கையில் எடுத்தார்கள். பெருமழைக்குப் பிறகு டாலிமவுன்டில் குளிக்கத் தடை என்று பலகை வைத்தால் அதை மதியுங்கள், இரண்டு மூன்று நாள் பொறுங்கள்.

பாரம்பரியம் என்ற தலைப்பில் என்ன வருகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். 1014-இல் ஐரிஷ் மன்னர் பிரையன் பொரு தரப்பும் டப்ளின் வைக்கிங்குகள் தரப்பும் மோதிய குளோன்டார்ஃப் போர், அது தெரிந்ததே. அதில் எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. காலை ஏற்றத்தில் போர் தொடங்கியது, மாலை ஏற்றம் வந்து ஓடியவர்களின் வழியை அடைத்தது என்று பழைய நூலில் எழுதியிருந்தது. 1860-களில் சாமுவேல் ஹாட்டன் என்ற டப்ளின் பேராசிரியர், 1014 ஏப்ரல் 23 அன்று இந்த விரிகுடாவில் ஏற்றம் எப்போது இருந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டார். விடியற்காலை ஐந்தரையை ஒட்டி ஒன்று, மாலை ஆறை ஒட்டி ஒன்று. எழுதியவன் சொன்னது பொருந்தியது. தீவை உண்டாக்கிய அந்தப் புல் சுவரில் நடக்கும்போது, 1930-களில் மாநகராட்சியின் வீட்டுவசதிக் கட்டடக் கலைஞர் ஹெர்பர்ட் சிம்ஸ் கட்டிய வெள்ளைக் குளியல் மண்டபங்களையும் நின்று பாருங்கள். முனையில் நிற்பது கடலின் விண்மீனான மாதா, துறைமுகத் தொழிலாளர்கள் பணம் திரட்டி வைத்த சிலை, 1972.

இதையெல்லாம் படிப்பதைவிட ஒரு தடவை நேரில் பார்த்துவிடுங்கள். அக்டோபர் முடிவிலிருந்து மார்ச் வரை எப்போது வேண்டுமானாலும் போகலாம். டப்ளினுக்கான ஓத அட்டவணையை, அதாவது ஏற்றமும் வற்றும் வரும் நேரப் பட்டியலைப் பாருங்கள், உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் காஸ்வே சாலையின் ஓரத்தில் போய் நில்லுங்கள். கனமான கோட்டு வேண்டும், காற்று எலும்பைத் துளைக்கும். முதலில் வெறும் சேறுதான் தெரியும், அங்கங்கே வளைந்த நீண்ட அலகோடு கர்லியூ பறவை ஒன்று நடக்கும். தண்ணீர் ஓடை ஓடையாகச் சேற்றுக்குள் நுழைந்து ஏற ஏற, தூரத்தில் சிதறிக் கிடந்த பறவைகளை நீங்கள் நிற்கும் பக்கமாகத் தள்ளிக்கொண்டே வரும். கடைசி அரை மணி நேரத்தில் கல்லெறி தூரத்தில் ஆயிரக்கணக்கில் நிற்கும். வாத்துகளின் இறக்கையில் வெள்ளைக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள், எத்தனை குஞ்சு இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.